டைனமோவில் ஓடிய பல் பிரஷ்

கிட்ட வந்து இருங்கள், என் குஞ்சுகளே. காலை நீட்டியே இருங்கள், குற்றமில்லை. இன்றைக்கு ஒரு பல் பிரஷின் கதை சொல்லப்போகிறேன். சிரிக்க வேண்டாம். நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் ஆறாத கதை இது.

யாழ்ப்பாணத்து நீர்வேலியில் குணலட்சுமி என்றொருத்தி இருந்தாள். தொண்ணூறில் விழுந்த ஷெல்லில் அவளுடைய வலக்கை விரல்கள் மடங்காமல் விறைத்துப்போயின. பிரஷைப் பிடிக்க ஏலாது. இடக்கையால் உமிக்கரியை அள்ளித் தேய்ப்பாள். இரண்டு வருடத்தில் முரசு, அதுதான் பல்லைப் பிடிக்கிற ஈறு, வீங்கி, வாழைப்பழத்தைக் கடித்தாலும் அதில் இரத்தம்.

பல் டாக்குத்தர் ஏசினார். "முரசோரத்திலை படியிற ஊத்தைதான் அம்மா பல்லை ஆட்டுது. கரி முரசைத்தான் அராவும். உந்தக் கைக்குத் தானாய் ஓடுற பிரஷ்தான் சரி. விட்டால் வருசத்துக்குள்ளை எல்லாம் கொட்டுண்டுபோகும்."

ஜேர்மனியில் இருந்த தம்பி தில்லைநாதன் ஒன்றை அனுப்பினான். கொழும்பிலிருந்து வந்த ஒருத்தியின் பையில் அது வந்தது. ஆனால் வழியில் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் பிரஷின் வயிற்றைத் திறந்து, பற்றறி இரண்டையும் எடுத்துவிட்டான். யாழ்ப்பாணத்துக்குப் பற்றறி தடை. ஒரு பெண் பல் துலக்கினால் எந்த அரசாங்கம் கவிழும், சொல்லுங்கள்!

கரண்டும் இல்லை. வீட்டிலிருந்த ஒரே மின்சாரம் புருஷன் பஞ்சலிங்கத்தின் சைக்கிள் டைனமோ. ஸ்ராண்டில் நிறுத்திய சைக்கிளை ஒருவர் மிதிக்க, றேடியோ செய்தி சொல்லும். றேடியோ திருத்துகிற மரியரட்ணம் பிரஷுக்கும் ஒரு கம்பி ஒட்டிக் கொடுத்தான். "றேடியோவைக் கழட்டிப்போட்டு இதைக் கொழுவுங்கோ அக்கா, ஓடும்."

பஞ்சலிங்கம் விடவில்லை. "கழட்டிக் கழட்டிக் கொழுவினால் கம்பி அறுந்துபோம். ஊர்ச்சனம் செய்தி கேக்க வருகுது. கொஞ்சம் பொறுமப்பா."

ஒரு மாதம் பொறுத்தாள். ஒருநாள் மத்தியானம் சோற்றோடு ஒரு பல் கழன்று வந்தது.

அன்று பின்னேரம் முற்றத்தில் பத்துப் பேர். இடம்பெயர்ந்து வந்து பக்கத்து வளவில் இருந்த யாகோப்பு மிதித்துக்கொண்டிருந்தார். றேடியோ "பேச்சுவார்த்தை" என்று தொடங்கியதும், குணலட்சுமி வந்து கம்பியைப் பிடுங்கினாள்.

"என்னப்பா செய்யிறீர்? செய்தி!" என்று துள்ளினார் பஞ்சலிங்கம்.

"செய்தியோ? இந்தாங்கோ செய்தி!" உள்ளங்கையை விரித்தாள். பல் கிடந்தது. "உங்கடை பேச்சுவார்த்தை பத்து வருசமாய் நடக்குது. என்ரை வாய் அதுவரைக்கும் நிக்குமோ? ஆமிக்காரன் பற்றறியைப் பறிச்சான், நீங்கள் டைனமோவைப் பறிச்சியள். உங்களுக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்?"



யாகோப்புதான் சொன்னார்: "மிதிக்கிறவனுக்கு எல்லாம் ஒண்டுதான். கொழுவு பிள்ளை."

கொழுவினாள். பிரஷ் வண்டுபோல் இரைந்தது. எல்லார் முன்னாலும் நின்று, ஒவ்வொரு பல்லாக, முரசோரமாகப் பிடித்தாள். சிவப்பாகத் துப்பினாள்.

"மெதுவாய், யாகோப்பண்ணை! பல்லோடை சேத்துப் பிடுங்கப் போறியளோ?"

அடுத்த நாளிலிருந்து காலையும் மாலையும் பஞ்சலிங்கமே மிதித்தார். அவள் அவரோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. கை காட்டினால் மிதிப்பார், கை காட்டினால் நிறுத்துவார். தை பிறக்க இரத்தம் நின்றது. மிச்சப் பற்கள் தங்கின. விழுந்த பல்லை மட்டும் அவள் றேடியோவுக்கு மேலே வைத்தாள். செய்தி கேட்க வருகிறவர்கள் அதையும் பார்த்துத்தான் போகவேண்டும்.

என் செல்லங்களே, உங்கள் பையை எவனும் கிளறாதிருக்கட்டும். உங்கள் வீட்டில் ஒருவருடைய நோவும் செய்தி முடியும்வரை காத்திராதிருக்கட்டும். எல்லாரும் கூடியிருந்து, கடித்துச் சாப்பிட்டு, நீடூழி வாழுங்கள்.