லொறி மேடை

...இரண்டு மீன் டின், ஒரு மூடை சீனி, சோதனைச்சாவடியைத் தாண்ட ஒரு பாஸ், பதினேழு வயதுக் குரலொன்றுக்கு யாழ்ப்பாணத்தில் அன்றைக்குப் படிந்த விலை அதுதான், டின்னை மூன்றாக்கப் பார்த்துக் கடைக்கார அப்பா தோற்றுப்போனார், தோற்றதற்காகத்தான் வீடு வரும்வரை புறுபுறுத்தார், மகளைப் பட்டாளத்துக்குப் பாடவிட்டதற்காக அல்ல... திரையில் மூன்று வெள்ளைக்காரப் பெட்டைகள் இராணுவ லொறியில் ஏறிநின்று காலைத் தூக்கித் தூக்கி ஆடுகிறார்கள், கீழே சிப்பாய்களின் விசில், குண்டு விழுகிற ஊராம், ஒருத்திக்கும் தலைமயிர் கலையவில்லை. யார் அங்கே சீப்புக் கொடுத்தது? சுகந்தினி கதிரையில் நெளிந்தாள். புலம்பெயர்ந்து வந்த இந்த ஒனிஹங்கா ஊர் மண்டபத்து ஹீட்டர் முன்வரிசைக்கு மட்டும்தான் போல. ஒரு பக்கத்தில், விரி என்ற இடத்துக் கிடங்கில் வேலை முடித்து நேரே வந்த கணவன் மகேசன், வாய் திறந்தபடி நித்திரை. மறுபக்கம் மகள் நிலானி, கண்ணிமைக்காமல். இந்தப் படத்துப் பாட்டுகளைத்தான் அவளுடைய குழு அடுத்த மாதம் மேடையேற்றுகிறது, ஒரு குரல் குறைகிறதாம். காரில் கேட்டாளே, "அம்மா, நீங்க ஒருநாளும் பாடினதே இல்லையா? நெவர்?" இல்லை என்றாயிற்று, முப்பது வருடமாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த இல்லை...

அந்தா, திரையில் பாட்டு முடிவதற்குள் கப்டன் மோதிரத்தோடு வந்துவிட்டான். நல்ல வியாபாரம். தனக்கு என்ன வந்தது? முகாமில பாடினவள் என்ற பட்டம், வாசலோடு திருப்பி அனுப்பிய சங்கீத ரீச்சர், பலகாரம் தின்றுவிட்டுப் பதில் சொல்லாமல் போன ஆறு மாப்பிள்ளை வீடு, ஏழாவதாக ஒன்றும் தெரியாத இந்த மனுஷன். அதன்பிறகு சாமியறையில்கூட வாய் திறக்கவில்லையே, யாரைத் தண்டிக்க? இன்றைக்குச் சொல்லிவிடவேண்டும், வீடு போகுமுன், அப்பா வித்தவர், நான் பாடினனான், அவ்வளவுதான்... அழகான கதை, குற்றவாளிக் கூண்டில் ஒரே ஒரு ஆள், அவரும் இப்போது உயிரோடு இல்லை.

நிலானி காதோடு சொன்னாள்: "அந்தப் பெட்டையள் பாவம், என்ன? தே ஹாட் நோ சாய்ஸ்."

பாவமா? அன்றைக்கு முகாமில் பெற்றோல்மாக்ஸ் வெளிச்சம், காலுக்கடியில் லொறித் தகரம் சூடாக, முன்னால் சிப்பாய் ஒருவன் தொப்பியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மீசைகூட அரும்பாத முகம், பிறகு அந்தக் கைதட்டல், மழை தகரத்தில் விழுகிற மாதிரி... அப்பா கீழேயிருந்து கூப்பிட்டாரே, "முடிஞ்சுது பிள்ளை, இறங்கு!" இறங்கினாளா? இல்லை, இன்னொரு பாட்டை எடுத்தாள். ஒருவரும் பாடச் சொல்லிக் கேட்கவில்லை. அதைத்தான் உச்சத்தில் பாடினாள்.

விளக்குகள் எரிந்தன. மகேசன் திடுக்கிட்டு எழும்பினான். "முடிஞ்சுதோ? சண்டையில ஆர் வெண்டது?"

"அப்பா, ப்ளீஸ்!" நிலானி சிரித்தாள். "அம்மா, ஏன் ஒண்டும் கதைக்கிறீங்க இல்லை?"

என்னத்தைக் கதைக்க? கடையில் சீனி நிறுத்து முடிந்தபின் அப்பா மேலே ஒரு பிடி அள்ளிப் போடுவார், பாசத்தில் அல்ல, ஆள் திரும்பவும் வரவேண்டும் என்று. அப்படியென்றால் கேட்காத பாட்டைத் தான் பாடியது யார் திரும்பி வரவேண்டுமென்று... அப்பா விலை பேசியது இரண்டு பாட்டு, பாடியது மூன்று. இரண்டை அப்பாவின் பேரில் எழுதியாயிற்று, மற்றதை யாருடைய பேரில்...