முகம் காட்டாத மாப்பிள்ளை

கொரட்டூர் ஏரிப் பக்கத்து அந்த அடுக்குமாடியில், ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் மொட்டைமாடிக்கு யார் யார் ஏறினார்கள், யார் பாதியில் இறங்கினார்கள் என்பது எல்லா ஜன்னலுக்கும் தெரியும். மாடியில் படம் போடுகிறவர் கோகுல்நாத். ஐடி வேலை. வாரம் முழுக்க லேப்டாப், ஞாயிறானால் கலை. கிணற்றடியில் ஒரு கிழவர் உட்கார்ந்திருப்பார், மாடு வரும், மாடு போகும், கிழவர் இன்னும் உட்கார்ந்திருப்பார். அந்த மாதிரிப் படங்கள். தொடங்கும் முன் ஒரு உரை, முடிந்ததும் ஒரு உரை. முடியும்போது கேட்கத்தான் ஆள் இருக்காது.

அசோசியேஷன் செயலாளர் லோகநாயகி கறாராகச் சொல்லிவிட்டார். மாடியை ஜும்பா நடன வகுப்புக்குக் கேட்கிறார்கள். இந்த வாரமும் கூட்டம் பாதியில் கலைந்தால் கொடுத்துவிடுவோம். வேவு பார்க்கத் தன் கணவர் ஏகாம்பரத்தையே மேலே அனுப்பியிருந்தார். அவரும் தண்ணீர்த் தொட்டி ஓரமாகக் கடைசி வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த ஞாயிறும் போனால் திங்கள் முதல் கோகுல்நாத் வெறும் ஐடிக்காரர். அதனால் யோசித்து ஒரு தமிழ்ப் படம் பிடித்தார். ரிலீஸே ஆகாதது, யாரோ முகம் தெரியாத இயக்குநர் எடுத்தது, முழுக்க ஒரு கல்யாண வீடு, கதை கிடையாது. அவர் அதைப் பார்த்ததில்லை, அதைப் பற்றி எழுதியவற்றைத்தான் படித்திருந்தார். பாதிப் படங்களுக்கு அவர் வழக்கம் அதுதான் என்று அவர் மனைவி தீபிகாவே லிஃப்டில் சொன்னதுண்டு. அது நமக்கு எதற்கு.

விஷயம் இதுதான். லோகநாயகி தன் கல்யாணக் கேசட்டை பென்டிரைவில் ஏற்றித் தரச் சொல்லி அவரிடம் கொடுத்திருந்தார். முகப்பேர் கடையில் ஏற்றி வாங்கியவர், அதே பென்டிரைவில் படத்தையும் போட்டு வைத்தார். அன்று படம் என்று நினைத்து அவர் தட்டியது கல்யாணத்தை.

கேசட்டின் முன்பகுதி தேய்ந்து போயிருந்ததால் திரையில் வெறும் புள்ளிகளாகக் கொட்டியது. பார்வையாளனின் பொறுமையை இயக்குநர் சோதிக்கிறார் என்று கோகுல்நாத் மைக்கில் விளக்கினார். பிறகு ஒரு தாமரை விரிந்து, அதற்குள்ளிருந்து ஒல்லியான மணப்பெண் எழுந்து வந்தாள். இது வேண்டுமென்றே செய்த மிகை என்றார். கேமரா பந்திக்குள் நுழைந்து, அப்பளம் நொறுக்குகிறவர், பாயசத்தை உறிஞ்சுகிறவர், இலையை மூடியபின் மறுபடி திறக்கிறவர் என்று ஒவ்வொரு முகமாக நின்று பார்த்தது. ஜனங்கள் சிரித்தார்கள். கைப்பேசியை உள்ளே வைத்தார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

கோகுல்நாத்துக்கே ஆச்சரியம். உற்சாகத்தில் குரல் ஏறியது.

"கவனிச்சீங்களா? இவ்ளோ நேரமாச்சு, மாப்பிள்ளை முகத்த ஒரு தடவகூட காட்டல. தலப்பாகை தெரியுது, முதுகு தெரியுது, தாலி கட்டற கை தெரியுது. முகம் கிடையாது. இது தற்செயல் இல்லீங்க. இந்தக் கேமராவுக்கு அந்த ஆளப் புடிக்கல."

சரியாக அப்போதுதான் லோகநாயகி படியேறி வந்தார். திரையைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார்.

"இன்னா தம்பி, என் கல்யாணத்தயா காட்டிகினு கீற?"

கூட்டம் மொத்தமும் தாமரைப் பெண்ணையும் செயலாளரையும் மாறி மாறிப் பார்த்தது. வேண்டுமென்றே போட்டேன், உங்களுக்கு ஒரு மரியாதை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் கோகுல்நாத்துக்குத் தோன்றியது. நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் லோகநாயகி பார்த்த பார்வையில் அது திரும்பி உள்ளே போய்விட்டது.

"மாறிப் போச்சுக்கா. நான் சொன்ன படத்த நானே பார்த்ததில்ல. அதான் எனக்கு வித்தியாசம் தெரியல."

நிறுத்தப் போனவரைக் கூட்டம் விடவில்லை. பந்தி முடியட்டும் என்றார்கள். லோகநாயகியும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பார்க்காத படத்துக்குப் பேசினது தப்பு. ஆனா மாப்பிள்ள சங்கதி நீ சொன்னது நெசம். வீடியோ எட்த்தது எங்க சின்ன மாமா. மாப்பிள்ள அழைப்பு வேன்ல எடமில்லன்னு எங்க வூட்டுக்காரரு ஆளுங்க அவர கேமராவோட பாடி மண்டபம் வரிக்கும் நடக்க வுட்டாங்க. அந்தக் காண்டுல மனுசன் இவர காட்டவே இல்ல. நாங்கல்லாம் கேமரா கோளாறுன்னு நெனச்சினு இருந்தோம். சாவறதுக்கு முன்னாடி அவரே சொல்லி சிரிச்சாரு."

கோகுல்நாத் மைக்கைக் கீழே வைத்தார். பேசிய இத்தனை ஆண்டுகளில் முதல்முறையாக அவர் சொன்ன ஒன்று உண்மையாகவே படத்தில் இருந்திருக்கிறது.

கடைசி இலை எடுக்கும்வரை ஒருவரும் இறங்கவில்லை. ஜும்பாவைக் கார் நிறுத்தும் இடத்தில் ஆடிக்கொள்ளட்டும் என்று லோகநாயகி அங்கேயே தீர்ப்புச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை: இனி படத்தை முதலில் முழுசாகப் பார்த்துவிட்டுத்தான் மைக்கைத் தொட வேண்டும். கோகுல்நாத் தலையாட்டினார். கிணற்றடிக் கிழவர் நினைவுக்கு வந்தாரோ என்னவோ, முகம் லேசாகச் சுருங்கியது.

நாற்காலிகளை மடக்கும்போது ஏகாம்பரம் தொட்டி ஓரத்திலிருந்து எழுந்து வந்தார். மொத்தப் படத்திலும் வாய் திறக்காதவர்.

"தம்பி, வாட்ஸ்அப்புல விமர்சனம் போடுவ இல்ல? மாப்பிள்ள இன்னிக்கு கடைசி வரிசையில குந்திகினு இருந்தார்னு ஒரு வரி சேத்துக்கோ. ஒரு போட்டோவும் போடு. மூஞ்சி தெரியற மாதிரி."