பக்கத்தில் இருந்தது

ரத்தச் சுத்திகரிப்பு இயந்திரம் ஓடும்போது இடக்கையை அசைக்க முடியாது. அதனால் மடிக்கணினியைத் தங்கை தன் மடியில் வைத்துப் பிடித்திருந்தாள். நான் வலக்கையால் தட்டிக்கொண்டிருந்தேன்.

திரையில் என் விண்மீன் கொத்து. ஒரே மேகத்தில் ஒன்றாகப் பிறந்தவை, எல்லாவற்றுக்கும் ஒரே வயது. பெரியவை அவசரக்குடுக்கைகள், எரிபொருளை வாரி இறைத்துவிட்டுச் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிடும். எவையெல்லாம் மிச்சம் என்று பார்த்துக் கொத்தின் வயதைச் சொல்லலாம். இருப்பதிலேயே பளிச்சென்றிருந்த நீல விண்மீனை நம்பி நாற்பது லட்சம் ஆண்டு என்று எழுதி ஆய்விதழுக்கு அனுப்பினேன். மற்றவையெல்லாம் ஒரு கோடி என்கின்றனவே என்று கேட்டுக் கட்டுரையைத் திருப்பிவிட்டார்கள். நன்றாக மூக்குடைபட்டேன்.

"எல்லாம் ஒரே வயசுன்னா இது மட்டும் எப்படிக்கா இவ்ளோ இளசா இருக்கு?"

"பக்கத்துல ஒண்ணு இருந்திருக்கு. அதுகிட்டேர்ந்து உறிஞ்சிடுச்சு."

"ஐயோ. அது செத்துப்போச்சா?"

"இல்ல. இளைச்சுப்போய் அங்கயேதான் சுத்துது. இதோட வெளிச்சத்துல கண்ணுக்குத் தெரியல."

"உசிரோடதானே இருக்கு? அப்போ அதுவாத்தான் குடுத்திருக்கும். சும்மா உறிஞ்சிடுச்சுன்னு திட்டாத."

உண்மையில் அந்தத் துணைதான் முதலில் பருத்து, தாங்காமல் இதன் பக்கம் வழியும். வருடக்கணக்காக இதைப் பாடம் நடத்துகிறவள் நான். ஆனாலும் உறிஞ்சியது என்றுதான் வாயில் வந்தது.

தங்கை கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். எப்பேர்ப்பட்ட பயந்தாங்கொள்ளியையும் நெடுஞ்சாலையில் இறக்கிவிடுவாள். அவளுடைய சிறுநீரகம் எனக்குப் பொருந்துகிறது என்று தெரிந்ததிலிருந்து வேண்டாம் என்றே சொல்லிவருகிறேன். அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் பிழைத்து என்ன செய்ய? எனக்குப் பயம், அவ்வளவுதான். டாக்டர் இன்று முடிவு கேட்டிருக்கிறார்.

"துணை இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிப்ப?"

நீல விண்மீனின் ஒளியைப் பிரித்த படத்தைத் திறந்தேன். நடுவில் ஒரு கறுப்புக் கோடு. "இந்தக் கோடு ஒருநாள் இடப்பக்கம் நகரும், இன்னொருநாள் வலப்பக்கம். கண்ணுக்குத் தெரியாத ஒண்ணு இழுக்குதுன்னு அர்த்தம். இத்தனை நாளா அதைக் கவனிக்காம விட்டுட்டேன்."

அவள் குனிந்து பார்த்தாள். வராந்தாவில் டாக்டரின் குரல் கேட்டது.

"சரின்னு சொல்லிடுக்கா. எனக்குப் பயமெல்லாம் ஒண்ணும் இல்ல."

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோடு மெல்ல இடமும் வலமுமாக அசைந்தது. அது ஒரே ஒரு நாளின் படம், அசைய வழியில்லை. அவளுடைய முழங்கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.