அரை மாத்திரை

புது மருந்து டப்பாவை ரவிக்கைக்குள் திணித்துக்கொண்டு மேட்டில் ஏறினாள் தோலகேலே. கிளினிக்கில் நர்ஸ் சனேலே சொன்னது காதை விட்டுப் போக மாட்டேன் என்றது. இத்தனை நாள் விழுங்கிய மாத்திரைக்கு எச்ஐவி கிருமி அடங்கவே இல்லையாம்.

"உன் உடம்புல இருக்கறது ஒரே மாதிரி கிருமி இல்ல தாயி, நூறு தினுசு. மருந்து முழுசாப் போனா அத்தனையும் சுருண்டு கெடக்கும். அரைகுறையாப் போனா, தாக்குப்பிடிக்கிற தினுசு மட்டும் பொழச்சு, குட்டி போட்டு உடம்பையே புடிச்சுக்கும். உனக்கு அதான் ஆயிருக்கு. நெசத்தச் சொல்லு, மாத்திரைய விட்டியா?"

ஒருநாளும் விடவில்லை என்று அடித்துச் சொல்லிவிட்டு வந்தாள். அது பொய்யுமில்லை. பாதியை அவள் விழுங்கினாள். மறுபாதியைப் பொடித்துப் புருஷனின் புளித்த சோளக்கஞ்சியில் கலந்தாள். ஜோகன்னஸ்பர்க் சுரங்கத்தை விட்டு இருமலோடு வந்த மனுஷன்; அவருக்கும் இதே கிருமிதான் என்று அவளுக்குத் தெரியும். ரத்தம் சோதிக்கக் கூப்பிட்டால், ஊரே பார்க்க ஆம்பளையை வரிசையில் நிறுத்தப் பார்க்கிறாயா என்று எகிறுவார். புருஷன் பெயரைக்கூட வாயால் சொல்லக் கூடாத வீட்டில் அவள் வேறென்ன செய்வாள்? எக்கேடோ கெடட்டும் என்று விட மனசு வரவில்லையே, பாழாய்ப்போன மனசு!

காப்பாற்றுகிறோம் என்று நினைத்து, இரண்டு உடம்பிலும் கிருமியை மருந்துக்குப் பழக்கிவிட்டிருக்கிறாள். இந்தப் புது மருந்தையும் அப்படிப் பழக்கினால் அப்புறம் தன் கையில் ஒன்றுமில்லை என்று நர்ஸ் எச்சரித்திருந்தாள். முழுசாய்த் தானே விழுங்கினால் அவர் போய்விடுவார். பங்கு போட்டால் இரண்டு பேரும் போவார்கள். மகள் லிண்டிவேக்கு யார் இருக்கிறார்கள்?

வழக்கம்போல மண்டியிட்டுக் கஞ்சிக் குவளையை நீட்டினாள். இன்று அதில் எதுவும் கலக்கவில்லை. அவர் ஒரு மடக்குக் குடித்து, நாக்கைச் சுழற்றினார். இன்னொரு மடக்கு குடித்தார்.

"என்ன, இன்னைக்குக் கசக்கல?"

"லிண்டிவே அப்பா, உங்களுக்குத் தெரியுமா?"

அவர் வாசலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நீயாக் குடுத்தா, நான் கேட்டு வாங்குனதா ஆகாதில்ல."

தெரிந்தே குடித்திருக்கிறார். அவள் பங்கு என்று தெரிந்தே! புருஷன் முன்னால் நின்றபடி பேசியறியாதவள் எழுந்து நின்றாள். ஒரு முழு மாத்திரையை அவர் கண்ணெதிரே வாயில் போட்டு, அவர் கையிலிருந்த குவளையையே பிடுங்கிக் குடித்து விழுங்கினாள்.

"நாளைக்கு மொத வண்டிக்குக் கிளினிக் போறேன். வரிசைல உங்களுக்கும் எடம் புடிச்சு வைப்பேன்."

அவள் வைத்துவிட்டுப் போன குவளையை அவர் எடுத்து, அடியில் தங்கிய மாவை விரலால் வழித்து நக்கினார். கசப்பு எங்கேனும் ஒட்டியிருக்கிறதா என்று மறுபடியும் வழித்தார்.