கத்தி வைக்கும் முன்பே சொன்ன தீர்ப்பு

மாட்டு டாக்டருக்குக் கை நீளமாக இருந்தால் கன்றை இழுத்துப் போட உதவும். எனக்கு வாய்தான் நீளம்.

பால்காரர் வீட்டுக் கொட்டகையில் பசு செத்துக் கிடந்தது. மூக்கில் ரத்தம் கலந்த நுரை. பெட்டியைக்கூடத் திறக்காமல், வாசலில் நின்றபடியே, "விஷமா இருக்கும்போல" என்றேன்.

பால்காரர் சட்டென்று தம்பி பக்கம் திரும்பினார். நேற்றுச் சாயங்காலம் தீவனம் வைத்தது தம்பி. கொட்டகையைப் பாகம் பிரிக்கும் தகராறில் அண்ணன் தம்பிக்குள் கொஞ்ச நாளாகவே பேச்சில்லை.

"நீதானடா வெச்ச? இனிமே இந்த வீட்டுல உனக்கு இடமில்ல. கிளம்பு."

தம்பி உள்ளே போய்த் துணிகளைப் பையில் திணிக்க ஆரம்பித்தான். பால்காரரின் மனைவி என்னிடம், "அறுத்துப் பாத்துட்டுச் சொல்லக்கூடாதா டாக்டர்?" என்றார். படித்தவன் அல்லவா, சிரித்துவைத்தேன்.

அறுத்ததும் சிரிப்பு போய்விட்டது. கழுத்து ரத்தக்குழாய் கயிறு மாதிரி புடைத்திருந்தது. முன்மார்புத் தோலுக்கடியில் நீர் கோத்திருந்தது. போன வாரம் தடுப்பூசி போட வந்தபோது, தொங்கிய அதே மார்பைத் தட்டிக்கொடுத்து, "நல்ல ஊட்டம்" என்று பாராட்டிய மேதை நான்தான். நுரையீரலை அழுத்தினால் நுரை வந்தது. மூக்கில் நான் கண்ட விஷம் அதுதான். இதயத்தைச் சுற்றியிருந்த பை தடித்து, உள்ளே நாற்றமெடுத்த சீழ். விரலால் துழாவினேன். ஏதோ குத்தியது. துருப்பிடித்த கம்பித் துண்டு. எப்போதோ தீவனத்தோடு விழுங்கியது, இரைப்பையைத் துளைத்து இதயத்தில் ஏறியிருக்கிறது. அந்த வாயில்லா ஜீவன் எத்தனை நாள் மூச்சுக்குத் திண்டாடியதோ.

கம்பியும் கையுமாக வெளியே ஓடினேன். தம்பி தெருவில் இறங்கிவிட்டிருந்தான்.

"விஷமில்ல. இதயம் நின்னுபோய்ச் செத்திருக்கு. இந்தக் கம்பி ரொம்ப நாளா உள்ள இருந்திருக்கு, நேத்து வெச்ச தீவனத்தால இல்ல. நான்தான் உளறிட்டேன், மன்னிச்சுக்கங்க."

பால்காரரின் முகம் செத்துப்போனது. "டேய், பையை உள்ள கொண்டு வை" என்றார்.

தம்பி அவரைப் பார்க்கவே இல்லை. என்னிடம்தான் சொன்னான். "உங்களுக்கு என்னைத் தெரியாது டாக்டர், சொல்லிட்டீங்க. இவரு என்னைத் தோள்ல தூக்கி வளத்தவரு."

தம்பி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தான். செருப்புகூடப் போடாமல் பால்காரர் அவன் பின்னாலேயே போனார்.