நாற்பது நிமிடம்

காதுக்குப் பின்னால் இருபது காசு நாணயத்தின் அளவுக்குச் சிவந்திருந்தது. மார்க்கிரட் முடியை இழுத்து மூடப் பார்த்தாள். மலர்விழி விடவில்லை.

"கொசு கடிச்சிருக்கும் லா. நீ ஆரம்பி, இன்னிக்கு உன் பரீட்சை" என்றாள் மார்க்கிரட்.

பரீட்சைதான். கிள்ளானில் வீட்டு முன்னறையில் இருபத்தாறு வருடமாக முடி வெட்டி, டை போட்டு வந்த மலர்விழிக்கு, கடைவீதியில் ஒரு கடை எடுக்கச் சான்றிதழ் வேண்டுமாம். அதற்காக ஆறு மாதம் பிரிக்பீல்ட்ஸ் பயிற்சி மையத்துக்கு அலைந்து, மகள் வயதுப் பெண்களோடு உட்கார்ந்து தோலின் அடுக்குகளை மனப்பாடம் செய்தாள். இன்று ஒரு தலைக்கு டை போட்டுக் காட்டினால் முடிந்தது. தலை கொடுக்க வந்தவள் மார்க்கிரட்.

இரண்டு நாள் முன்பே காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு டை வைத்துச் சோதிக்க வேண்டும் என்பது விதி. மலர்விழி சிரித்துக்கொண்டேதான் வைத்துவிட்டு வந்தாள். இருபது வருடமாக அதே டை, அதே தலை. பழைய ஆளுக்குச் சோதனை எதற்கு என்று வகுப்பிலேயே வாதாடியவள் அவள். இத்தனை நாள் ஒத்துப்போன டையும் ஒருநாள் ஆகாமல் போகலாம், மீறிப் போட்டால் முகம் வீங்கி மூச்சே முட்டலாம் என்று ஆசிரியை சொன்னதை, பேருக்கு எழுதிக்கொண்டாள்.

இருபது வருடம்! மாதத்தின் முதல் சனிக்கிழமை மார்க்கிரட் சுங்கை பூலோவிலிருந்து ரயிலேறி, கறிபாப் பலகாரப் பொட்டலத்தோடு வருவாள். டை பூசினால் நாற்பது நிமிடம் ஊறவேண்டும். மற்ற நாளெல்லாம் ஓட்டம்தான். அந்த நாற்பது நிமிடத்தில்தான் இருவரும் வாழ்ந்தார்கள். மார்க்கிரட்டின் கல்யாணப் பேச்சு முறிந்ததை அழுது தீர்த்தது அங்கேதான். ஒருமுறை பேச்சு சுவாரசியத்தில், நிமிடக் கணக்குக்கு அடிக்கும் மணியைத் திருப்பி வைக்க மறந்து நெற்றியெல்லாம் கறுத்துப்போக, மறுநாள் சர்ச்சுக்கு முக்காடு போட்டுக்கொண்டு போனாள். அதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும்.

இப்போது வரவில்லை.

"உண்மைய சொல்லு. எப்பருந்து அரிக்குது?"

"நாலஞ்சு மாசமா."

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீ டை போட மாட்ட. டை இல்லாம உன் வீட்டுக்கு என்ன சாக்கு சொல்லிட்டு வர்றது?"

மலர்விழிக்கு அவளை அறையலாம் போலிருந்தது. அழுகையும் வந்தது. கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, தேர்வு நடத்திய நுஸைபாவிடம் போனாள்.

"மேடம், என் மாடலுக்கு டை ஆகல. நான் போட மாட்டேன்."

"ரெண்டு நாள் முன்ன டெஸ்ட் பண்ணுன வேற ஆள் இருக்காங்களா, அக்கா?"

"இல்ல."

"அப்போ அடுத்த பரீட்சைதான். ஆறு மாசம் ஆகும்."

பார்த்து வைத்திருந்த கடை அத்தோடு கைநழுவிப் போனது. மலர்விழி விலகல் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

அடுத்த முதல் சனிக்கிழமை மார்க்கிரட் வந்தாள். வகிட்டில் வெள்ளை தெரிந்தது. கறிபாப்பும் கையுமாக வாசலிலேயே தயங்கி நின்றவளை மலர்விழி இழுத்துவந்து, அதே நாற்காலியில் உட்காரவைத்து, கழுத்தில் துணியைச் சுற்றினாள். தலையில் ஒன்றும் பூசவில்லை. மணியை மட்டும் நாற்பது நிமிடத்துக்குத் திருப்பி வைத்தாள்.

அது அடித்தபோது பேச்சு பாதியில் இருந்தது. மலர்விழி மறுபடியும் நாற்பதுக்குத் திருப்பினாள்.