கூப்பிட்டால் வரக்கூடாது, வராமலும் இருக்கக்கூடாது

என் வீட்டுக்காரர் இருபத்திரண்டு வருஷம் பீரங்கிப் படையில் இருந்தவர். ஓய்வு பெற்றபோது மெடல் வந்தது, பென்ஷன் வந்தது, காது மட்டும் வரவில்லை. ஆறு வருஷமாகச் சுத்தமாகக் கேட்காது. தன் சத்தமே தனக்குக் கேட்காததால், தண்ணீர் கேட்டால்கூட தெருவுக்கே கேட்கும்படி கத்துவார். நான் சிலேட்டில் எழுதிக் காட்டுவேன். சிலேட்டில் ஒருவரை நன்றாகத் திட்டலாம், கொஞ்ச முடியாது. எழுதிப் பார்த்திருக்கிறேன், மளிகைப் பட்டியல் மாதிரி இருந்தது.

இப்போது என் தொண்டையில் கட்டி. நாளைக் காலை ஆபரேஷன். "ஆபரேஷனுக்கு அப்புறம் குரல் திரும்பாதும்மா. அதுவரைக்கும் சத்தமா பேசிடாதீங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அது போவதற்குள் ஒரே ஒரு தடவை இந்த மனிதர் என் குரலைக் கேட்டாக வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். அவரிடம் சொல்ல ஒரு நல்ல வார்த்தையும் வைத்திருந்தேன்.

முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் காது மெஷின் இலவசமாகத் தருகிறார்கள். தருகிறார்கள் என்றால், தரலாம் என்று விதி இருக்கிறது. படைவிலகல் புத்தகம், பென்ஷன் ஆணை, காது டாக்டரின் சீட்டு, இரண்டு போட்டோ, எல்லாம் கொடுத்தாயிற்று. ஒன்பதாம் விதிதான் குறுக்கே வந்து படுத்துக்கொண்டது. காது கேட்காது என்பதை அலுவலகமே நேரில் உறுதிசெய்ய வேண்டுமாம். ப்யூன் வாசலில் நின்று டோக்கன் நம்பரை ஒருமுறை கூப்பிடுவார். எழுந்து வந்தால் காது கேட்கிறது, விண்ணப்பம் தள்ளுபடி. வராவிட்டால் ஆள் ஆஜராகவில்லை, விண்ணப்பம் தள்ளுபடி.

முதல் தடவை ப்யூன் வாசலில் வந்து நின்றதுமே அவரை விலாவில் இடித்து எழுப்பினேன். போனார், தள்ளுபடி. அடுத்த தடவை பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். அதுவும் தள்ளுபடி.

இன்று மூன்றாவது தடவை. எங்களுக்கு நாற்பத்தொன்றாம் நம்பர், அதுதான் கடைசி டோக்கன். பெஞ்சுகள் நிறைய பழைய பீரங்கிக்காரர்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள், கேட்கத்தான் ஆளில்லை.

ப்யூன் வந்து வாயைத் திறந்து மூடினார். எனக்கே ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். உதடு அசைந்தது, சத்தம் இல்லை. என்னவென்று கையால் கேட்டதற்குத் தன் காதைக் காட்டி இல்லை என்று கையை விரித்தார். அவரும் பழைய பீரங்கிக்காரர், படைவீரர் ஒதுக்கீட்டில் இந்த வேலைக்கு வந்தவர். வருஷக்கணக்கில் கூப்பிட்டுக் கூப்பிட்டு எப்போதோ குரல் தேய்ந்துபோயிருக்கிறது. அதை அவரிடம் சொல்ல அந்த ஹாலில் யாருக்குக் காது இருக்கிறது?

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே அதிகாரி அறை வாசலுக்குப் போனேன்.

"சார், உங்க ப்யூன் வாயை மட்டும்தான் திறக்கிறார். சத்தமே வரல."

"கூப்பிட்டதா ரிஜிஸ்டர்ல இருக்கேம்மா."

"வந்தாலும் தப்பு, வராட்டியும் தப்புன்னா மனுஷங்க என்னதான் பண்றது?"

"ரெண்டுமே விதிப்படிதாம்மா. நான் ஒரு பக்கமா சாய முடியாது."

"நல்லா இருக்கு உங்க நியாயம்!" என்று வலது கையை உயர்த்தினேன். பின்னால் சட்டென்று ஹால் அடங்கிவிட்டது. திரும்பிப் பார்த்தால், நாற்பத்தொரு கிழவர்களும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வாயைப் பிளந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பீரங்கிக்குப் பக்கத்தில் தலைவர் கையைத் தூக்கினால் அப்படித்தான் செய்ய வேண்டுமாம். அப்படிப் பொத்தியும்தான் போயிருக்கிறது காது. நான் பயந்துபோய்க் கையைக் கீழே போட்டேன். கை இறங்கினால் குண்டு போயாயிற்று, எழுந்து நிற்க வேண்டுமாம். அத்தனை பேரும் விறைப்பாக எழுந்து நின்றார்கள்.

அதிகாரி வெளியே ஓடி வந்தார். "யாரு கூப்பிட்டது?"

"யாரும் கூப்பிடல சார்."

"கூப்பிடாமலேவா எழுந்தாங்க?" விதிப் புத்தகத்தைப் புரட்டினார், முகம் மலர்ந்தது. "அப்ப ஆஜர். ஆனா காதால கேட்டு எழுந்திருக்கல. ரெண்டு பக்கமும் சரியா வருதே! ஆனா முதல்ல விதிப்படி கூப்பிடணும். என் மேஜை வரைக்கும் கேட்கணும்."

கேட்டு எழுதுகிற அதிகாரியே கூப்பிடக்கூடாதாம். அவரை விட்டால் அங்கே குரல் உள்ள ஆள் நான் ஒருத்திதான்.

"நாற்பத்தொண்ணை முதல்ல கூப்பிட்டுக்கட்டுமா சார்? எனக்குத் தொண்டை சரியில்ல."

"வரிசைப்படிதாம்மா."

"ஒண்ணு!" என்று கத்தினேன். யாரும் அசையவில்லை. அதிகாரி 'கேட்கவில்லை' என்று எழுதினார். அந்த ஆளைப் பார்த்துக் கையைத் தூக்கிப் போட்டேன், வந்து நின்றார். 'ஆஜர்' என்று எழுதினார். பத்தில் தொண்டை அரித்தது. இருபத்தைந்தில் கிழிந்தது. விட்டுவிடலாம் என்றால், ஒவ்வொரு கிழவரும் என் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நாற்பதைக் கூப்பிட்டபோது அது குரலே இல்லை. நாற்பத்தொன்றுக்கு வாயைத் திறந்தேன். ப்யூனுக்கு வந்த அதே காற்றுதான் எனக்கும் வந்தது.

அதிகாரி பேனாவை நிறுத்தினார். "கூப்பிட்டீங்களா? எனக்குக் கேட்கலையே."

ஒரு வெற்று விண்ணப்பத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். சிலேட்டில் எழுதிக் காட்டினேன்: 'கேட்கலைன்னா இதை நிரப்புங்க.'

அவர் விண்ணப்பத்தைப் பார்த்தார், பெஞ்சுகளைப் பார்த்தார். "கேட்டுச்சும்மா, நல்லாவே கேட்டுச்சு" என்று அவசரமாக முத்திரை குத்தினார்.

இதுவரை ஒருவருக்கும் கொடுத்ததில்லை என்பதால் மெஷின் பெட்டிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. ஸ்டோர்காரர் ஒன்றைப் பிரித்து என் வீட்டுக்காரர் காதில் மாட்டினார். மின்விசிறியின் கிறீச்சுக்கே துள்ளிவிட்டார் மனிதர். "போட்டாச்சு!" என்று வழக்கம்போலக் கத்தி, தன் சத்தத்துக்குத் தானே நடுங்கி வாயைப் பொத்திக்கொண்டார்.

பிறகு என் பக்கம் திரும்பி, சொல்லு என்று தலையை அசைத்தார்.

ஆறு வருஷமாக வைத்திருந்த வார்த்தை. வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றேன். ஊருக்கெல்லாம் கத்தித் தீர்த்துவிட்டு இவருக்கு மட்டும் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லையே என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவர் குனிந்து, மெஷின் வைத்த காதை என் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். வெகுநேரம் அப்படியே இருந்தார்.

"உன் மூச்சு கேக்குது" என்றார்.

அவர் அவ்வளவு மெல்லப் பேசிக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை, சரியாகக் கேட்கவில்லை. காதுக்குப் பின்னால் கையை வைத்துக் காட்டினேன். இன்னொரு தடவை சொன்னார்.